சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஒரு சங்கம்: அரசுப் பள்ளிகளும் அவற்றின் முன்னாள் மாணவர்களும்

முன்னாள் மாணவர் சங்கம் என்பது ஒரு பள்ளியில் படித்துச் சென்றவர்கள் அந்தப் பள்ளியோடும் தங்களுக்குள்ளும் வைத்துக்கொள்ளும் உறவின் அமைப்பு வடிவம். இந்த உறவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று பழைய நண்பர்கள், பழைய ஆசிரியர்கள், பழைய வகுப்பறை என்று பின்னோக்கிப் பார்க்கிறது. மற்றொன்று இன்று அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதல் முகம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டாவது இப்போதுதான் துளிர்விடுகிறது.

முதல் முகத்தின் காட்சி பல ஊர்களில் ஒன்றுபோலவே இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்து 25 ஆண்டுகள் ஆன ஒரு செட் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றுசேர்கிறது. வேலை நாளில் எல்லாராலும் வர முடியாது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்படுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களை வீட்டுக்கே கார் அனுப்பி அழைத்துவருகிறார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, காலில் விழுந்து ஆசி, வேப்பமரத்தடியில் குழுப் படம், மதியச் சாப்பாடு. பள்ளிக்கு ஞாபகமாக ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரமோ பீரோவோ ஒலிபெருக்கியோ வாங்கித் தரப்படுகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் ஆசிரியர் முன் மறுபடி மாணவராக நிற்பது சின்ன விஷயமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆதலால் இன்றைய மாணவர் ஒருவர்கூட அந்த வளாகத்தில் இல்லை. திங்கட்கிழமை அவர்கள் வரும்போது வராந்தாவில் புது இயந்திரம் நிற்கிறது. அதன் வடிகட்டியை மாற்ற வேண்டிய நாள் வரும்போது யாரிடம் போய்க் கேட்பது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் பிளக்கைப் பிடுங்கி வைத்த இயந்திரத்தின் மேல் விளையாட்டுப் பொருள்களை அடுக்கியிருப்பார்கள். கொடுத்தவர்களின் மனதில் குறை கிடையாது. கொடுப்பதற்கும் தேவைக்கும் நடுவே ஆண்டு முழுவதும் நிற்கக்கூடிய அமைப்பு ஒன்று இல்லை என்பதே குறை.

ஊர் கொடுத்த பள்ளி

பள்ளியைத் தாங்குவது ஊரின் கடமை என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முன்முயற்சியில் 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போடப்பட்டது. ஊரார் மாநாட்டுக்கு வந்து நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை என்று அவரவர் சக்திக்கு ஏற்ற பொருளை ஏற்றுக்கொண்டார்கள். இந்த முறையின் வலிமை அந்தப் பட்டியலில் இருந்தது. தேவை முதலில் எழுதப்பட்டது. கொடை அதன் பின்னால் வந்தது. இன்றைய சங்கங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

அன்று கொடுத்தவர்களில் பலர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர். பலருக்குப் படிக்கவே வாய்ப்பிருந்ததில்லை. தங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று கொடுத்தார்கள். இரண்டு தலைமுறைக்குப் பின் நிலைமை வேறு. கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சென்னை, திருப்பூர், பெங்களூரு, வளைகுடா, சிங்கப்பூர் என்று பரவியும் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர் என்ற வகையினர் இவ்வளவு பெருந்தொகையில் இருப்பது அரசுப் பள்ளி வரலாற்றில் இதுவே முதல் முறை.

யாழ்ப்பாணத்தின் அனுபவம்

தமிழர்களிடையே முன்னாள் மாணவர் அமைப்புகள் மிக ஆழமாக வேரூன்றிய இடம் இலங்கையின் யாழ்ப்பாணம். அங்கே அவற்றுக்குப் பெயர் பழைய மாணவர் சங்கம். 1816இல் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, 1823இல் தொடங்கிய பரி. யோவான் கல்லூரி, 1890இல் உருவான யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆகியவற்றின் பழைய மாணவர்களுக்குக் கல்லூரி என்பது கிட்டத்தட்ட இரண்டாவது ஊர். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் ‘வடக்கின் பெரும் போர்’ என்னும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு, தாத்தாவும் பேரனும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

இந்தப் பற்று மாணவர்களுக்கான உதவியாக மாறியதில் வரலாற்றுக்குப் பங்கு உண்டு. 1960, 1961ஆம் ஆண்டுகளின் இலங்கைச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. பரி. யோவான் போன்ற சில மட்டும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. நிறுவியவர்களின் நேரடிப் பொறுப்பு விலகிய இடத்தில், பாடசாலையின் தனித்தன்மையைக் காக்கும் வேலை பழைய மாணவர்கள் மேல் விழுந்தது. பின்னர் உள்நாட்டுப் போர். 1995 அக்டோபர் 30 அன்று குடாநாட்டின் மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் கடல் கடந்தவர்கள் லண்டன், டொராண்டோ, சிட்னி, மெல்பர்ன் என்று போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் சங்கத்தின் கிளையைத் தொடங்கினார்கள். உறவும் ஊரும் சிதறிய காலத்தில் பாடசாலையின் பெயர் ஒன்றுதான் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் கூட்டிவைத்தது. சேதமான வகுப்பறை, நூலகம், ஆய்வுகூடம் ஆகியவற்றைத் திருத்தவும், தந்தையை இழந்த மாணவரின் படிப்புச் செலவை ஏற்கவும் அந்தக் கிளைகளின் பணம் வந்தது.

தமிழ்நாட்டுச் சங்கங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு செய்திகள் உண்டு. ஆண்டுதோறும் குறித்த நாளில் வரும் ஒரு நிகழ்வு சங்கத்துக்கு உயிர் கொடுக்கிறது என்பது ஒன்று. மற்றது கசப்பானது. பெயர் பெற்ற நகரக் கல்லூரிகளுக்கு நான்கு கண்டங்களில் கிளைகள் இருக்கும்போது, வன்னியின் உட்கிராமத்துச் சிறிய பாடசாலைகள் பலவற்றுக்கு ஒரு கிளைகூட இல்லை. போரில் மிகுதியாக அடிபட்டவை அந்தச் சிறிய பாடசாலைகள். பழைய மாணவர் பற்று தானாகவே நீதியாகப் பங்கிடப்படுவதில்லை. ஏற்கெனவே வலுவாக இருக்கும் இடத்தை நோக்கியே அது ஓடுகிறது.

சட்டத்தின் சட்டகம்

தமிழ்நாட்டில் முன்னாள் மாணவர்கள் அரசுப் பள்ளிக்குள் நுழைய இன்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இக்குழுவை வகுக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2024இல் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. இரண்டாவது, 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம். கொடுப்பவர் பள்ளியையும் பணியையும் தாமே தேர்ந்தெடுத்து இணையவழியில் பணம் செலுத்தலாம். மூன்றாவது, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்வது.

பதிவு செய்யாமல் ஒருவரின் சொந்தக் கணக்கில் பணம் திரட்டுவது, நட்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சில ஆண்டுகளில் மனக்கசப்பில் கொண்டுபோய் விடும். பதிவு செய்த சங்கம் இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கைத் தொடங்கலாம். வருமான வரிச் சட்டத்தின்கீழ் உரிய பதிவுகளைப் பெற்றால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகையும் கிடைக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் பலரும் தடுமாறும் ஒரு நுணுக்கம் உண்டு. துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நிதி ஆகாது. அதே செட்டில் படித்து, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது வெளிநாட்டு நிதி. அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேண்டும்; 2020 திருத்தத்துக்குப் பின், பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்கே வர வேண்டும். சிறிய சங்கத்துக்கு இது தாங்காத சுமை. அத்தகையவரிடம் பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கேட்பது நல்லது. அது பெரும்பாலும் பணத்தைவிடப் பயன்படும்.

பெயர்களைத் திரட்டுவது

வாட்ஸ்அப் குழுவிலிருந்து தொடங்கும் சங்கத்துக்குப் பிறவியிலேயே ஒரு சாய்வு ஒட்டிக்கொள்கிறது. நண்பர் நண்பரைச் சேர்க்கிறார். நல்ல வேலையில் இருப்பவர் உடனே சேர்கிறார். செங்கல் சூளையில் வேலை செய்பவரும், பத்தாம் வகுப்பில் தோற்றவரும் கூப்பிட்டாலும் தயங்குகிறார்கள். பெண்கள் பலர் விடுபட்டுப் போகிறார்கள். திருமணமானதும் ஊர் மாறுகிறது, முன்னெழுத்து அப்பாவுடையதிலிருந்து கணவருடையதாக மாறுகிறது, கைபேசி எண்ணும் பல வீடுகளில் கணவருடையதாகவே இருக்கிறது. ‘எஸ். கலைச்செல்வி’யைத் தேடுபவருக்கு ‘கலைச்செல்வி முருகேசன்’ அகப்படுவதில்லை.

இந்தச் சாய்வு இல்லாத ஆவணம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. அதுதான் சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில், காலிகோ அட்டையும் பழுப்பேறிய நீளத்தாள்களுமாக இருக்கும். சேர்க்கை எண், பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், மாற்றுச் சான்றிதழ் எண் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. வென்றவருக்கும் நின்றவருக்கும் ஒரே அளவு இடம். தலைமையாசிரியரின் அனுமதியோடும் அவர் முன்னிலையிலும், ஆண்டுவாரியாகப் பெயர்களை மட்டும் எழுதி எடுத்து, ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பொறுப்பாளர்களை வைத்துத் தேடத் தொடங்கினால் சங்கம் முழுப் பள்ளியின் சங்கமாக அமையும். பெண்களைப் பெண் பொறுப்பாளர் தேடுவதே நடைமுறைக்கு ஏற்றது. பிறந்த வீட்டில் போய்க் கேட்டால் விவரம் தெரிந்துவிடும்.

அந்தப் பதிவேட்டில் சாதிக்கும் ஒரு பத்தி உண்டு. அதை ஒருபோதும் எழுதி எடுக்கக் கூடாது. ஒரே ஊரில் ஒரு தெருக்காரர்களின் சங்கமாக முன்னாள் மாணவர் அமைப்பு சுருங்கிவிடும் ஆபத்து கற்பனையன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர்க் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பள்ளிக்குள் சாதி நுழையும் வழிகளை விரிவாகப் பேசியது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டாதே என்று ஆசிரியர் சொல்லும் பள்ளியில், ஒரே சாதியார் மட்டும் மேடையில் உட்காரும் சங்கம் எதிர்ப்பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும். எல்லாத் தெருவிலிருந்தும் நிர்வாகிகள் வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது சங்கத்தின் முதல் தகுதிச் சோதனை.

திரட்டிய விவரங்களை ஒப்புதலின்றிப் பிறருக்குத் தரக் கூடாது என்பது நாகரிகம் மட்டுமன்று. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் அதுதான்.

இன்றைய மாணவருக்கு என்ன வேண்டும்

அரசுப் பள்ளி மாணவருக்கான உதவிகள் தமிழ்நாட்டில் ஏட்டளவில் குறைவானவை அல்ல. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனுதவித் தேர்வு எழுதித் தேறியவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. அதில் தொழிற்படிப்பில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய்.

இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் விடுபடுகிறார்கள். விடுபடும் இடத்தை அருகே போய்ப் பார்த்தால், அங்கே பணத்தைவிட வழி தெரியாமைதான் தடையாக நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகள் செய்ய வேண்டியவை: வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது, ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஓர் எழுத்தில் வேறுபட்டால் திருத்துவது, கலைக் கல்லூரிக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் தனித்தனியே பதிவது, கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் எந்த வரிசையில் விருப்பமாகக் கொடுப்பது என்று முடிவெடுப்பது. கடைசியாகச் சொன்னது ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கும். வீட்டில் கல்லூரி பார்த்தவர் இல்லாத பிள்ளை அதைப் பிரவுசிங் சென்டரில், பின்னால் வரிசை நிற்க, பத்து நிமிடத்தில் முடிக்கிறாள்.

முன்னாள் மாணவரின் உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர், இ-சேவை மையம் நடத்துபவர், போன ஆண்டுதான் கலந்தாய்வை முடித்துக் கோவையில் படிப்பவர்: இந்த மூவரும் மே மாதத்தில் மூன்று நாள் பள்ளியில் வந்து உட்கார்ந்தால் ஒரு செட்டே கரையேறும். பெரிய பதவியில் இருப்பவரை அழைத்து ஆண்டுக்கொரு முறை ஊக்க உரை கேட்பது தப்பில்லை. ஆனால் ஊக்கம் வடிந்தபின் பிள்ளைக்கு வேண்டியது அடுத்த விண்ணப்பத்தின் கடைசித் தேதி.

சேர்க்கை கிடைத்த பின்னும் ஒரு பள்ளம் உண்டு. இருநூறு கிலோமீட்டர் தள்ளி இடம் கிடைத்த பையனின் கட்டணத்தை அரசு ஏற்கலாம். ஆனால் அவனையும் அவன் அப்பாவையும் அங்கே கொண்டுபோகும் பஸ் காசு, பெட்டி, வாளி, பாய், தலையணை, உதவித்தொகை கணக்கில் ஏறும்வரை கைச்செலவு ஆகியவற்றுக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. ஐயாயிரம் ரூபாய் அன்றைக்கு ஒரு பட்டப்படிப்பின் விலை. அதைவிட முக்கியம், அந்த ஊரில் அதே பள்ளியில் படித்த ஒருவர் பஸ் நிலையத்துக்கு வந்து நிற்பது. முதல் மாதத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவரும் பிள்ளைகளில் சிலரையாவது அந்த ஓர் ஆள் தடுத்துவிடுவார். அரசாலும் நிறுவனங்களாலும் தர முடியாதது இது. ஒரே ஆசிரியரிடம் அடி வாங்கிய அண்ணனோ அக்காவோ போகிற ஊரில் இருப்பது முன்னாள் மாணவர் சங்கத்தால் மட்டுமே கூடும்.

கல்லூரிக்குப் போகாதவர்களையும் சேர்த்தே சங்கம் யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவருக்குத் துணைத் தேர்வு இருப்பதும், தேறியவருக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் இருப்பதும் பல வீடுகளுக்கு நேரத்தில் தெரிவதில்லை. லேத் பட்டறை வைத்திருப்பவர், வயரிங் வேலை எடுப்பவர், தையலகம் நடத்தும் பெண் ஆகியோர் வகுப்பறையில் வந்து பேசுவதற்கு உரிமை உள்ள முன்னாள் மாணவர்கள். அவர்கள் சொல்வதை, படிப்பில் பின்தங்கிய பிள்ளை மிகக் கூர்ந்து கேட்பான்.

இப்படி வருபவர்கள் மாணவர்களோடு பழகுவதற்கு எல்லை உண்டு. சந்திப்பு பள்ளி நேரத்தில், பள்ளி வளாகத்தில், ஆசிரியர் ஒருவர் உடனிருக்க நடக்க வேண்டும். மாணவரின் எண்ணைத் தனியே வாங்குவதும் தனியே செய்தி அனுப்புவதும் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி ஒவ்வொரு தன்னார்வலருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

பணம்

நூறு பேர் மாதம் 200 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். ஒருவர் ஒரே தடவையில் தரும் இரண்டரை லட்சத்தைவிட இது மேலானது. அடுத்த ஆண்டும் வரும், நூறு பேருக்கும் கணக்குக் கேட்கும் உரிமையும் இருக்கும். வரவு செலவைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்டுவது எளிய, ஆனால் சக்தி வாய்ந்த வழக்கம். பொருள் வாங்கினால் அதன் பராமரிப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

உதவி பெறும் மாணவரை மேடையேற்றி, காசோலையோடு படம் எடுத்துப் போடும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் படம் ஊர் முழுக்கத் தன் வறுமையைச் சுற்றவிட்ட நாளாகவே ஞாபகத்தில் நிற்கும். யாருக்கு உதவி என்பதை வகுப்பாசிரியரும் சங்கத்தின் இருவரும் மட்டும் அறிந்திருந்தால் போதும்.

எதற்குப் பணம் தரக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். ஆசிரியர் நியமனம், கழிப்பறை, பாதுகாப்பான கட்டடம் ஆகியவை அரசின் கடமை. காலியிடத்துக்குச் சங்கமே சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும்போது அன்றைய வகுப்பு நடக்கிறது. காலியிடமோ அப்படியே நீடிக்கிறது. இங்கே சங்கத்தின் வேலை பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அந்தத் தீர்மானத்தின் பின்னால் போய்க்கொண்டே இருப்பது. கூலி வேலையை விட்டுவிட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நாலு முறை நடக்கப் பெற்றோரால் முடியாது. படித்த, மனு எழுதத் தெரிந்த முன்னாள் மாணவரால் முடியும்.

சிறிய பள்ளிகள்

மேல்நிலைப் பள்ளிக்குச் சங்கம் அமைவது எளிது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு அமைவது அரிது. ஐந்தாம் வகுப்போடு வெளியேறியவர்கள், பின்னர் பத்தோ பன்னிரண்டோ முடித்த பள்ளியையே தங்கள் பள்ளி என்று சொல்கிறார்கள். இதற்கு ஒரு தீர்வு, மேல்நிலைப் பள்ளிச் சங்கம் தனக்குப் பிள்ளைகளை அனுப்பும் சுற்றுவட்டாரத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளையும் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையின் சிக்கல் அந்தச் சிறிய பள்ளியில்தான் தொடங்கியிருக்கும்.

சங்கத்துக்கு ஆள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அகரம் அறக்கட்டளையின் அனுபவம் ஒரு விடை தருகிறது. நடிகர் சூர்யா 2006இல் நிறுவிய அந்த அமைப்பின் ‘விதை’ திட்டம் 2010 முதல், பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவருகிறது. அதில் படித்து வெளிவந்தவர்களே அடுத்து வருபவர்களுக்குத் தன்னார்வலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் திரும்பி வருகிறார்கள். அரசுப் பள்ளிச் சங்கங்களோ வெள்ளிவிழா கண்ட செட்டுகளிலிருந்து தொடங்கிக் கீழே வர முயல்கின்றன. இன்றைய விண்ணப்பப் படிவங்களை அறிந்தவர்கள் சென்ற ஆண்டு வெளியேறியவர்கள். அவர்களிடம் பணம் இருக்காது. ஆனால் எந்தக் கல்லூரியில் எந்த விடுதியில் சாப்பாடு எப்படி என்பது வரை தெரியும்.

அவர்களைப் பிறகு தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளி அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு வாங்கும் அதே மேசையில் ஒரு நோட்டும் இருந்து, சேர்க்கை எண், தன் கைபேசி எண், வீட்டில் ஒருவரின் கைபேசி எண், போகும் ஊர் என்று நான்கு விவரங்களை விருப்பத்தோடு எழுதித் தந்துவிட்டால், அந்த வரிசையில் நிற்கும் கடைசிப் பிள்ளையும் பள்ளியை விட்டு இறங்கும்போது சங்கத்தின் உறுப்பினராக இருப்பாள். அந்த நோட்டை வைக்க எந்த அரசாணையும் தேவையில்லை. அலுவலக உதவியாளர் ஒருவரின் ஒத்துழைப்பும் நாற்பது ரூபாயும் போதும்.